விண்வெளி வரலாற்றை இணையத்தில் படிப்பது எப்படி: மூன்று அடுக்குகள், ஓர் எளிய விளக்கம்

நிலவில் ஆம்ஸ்ட்ராங் நிற்கிறார் என்று சொல்லி ஒவ்வொரு ஜூலை மாதமும் ஒரு படம் சுற்றுகிறது. வெள்ளை உடை, தங்க நிற முகக்கண்ணாடி, பின்னால் கறுத்த வானம். படத்தில் இருப்பவர் ஆம்ஸ்ட்ராங் இல்லை, அவரோடு நிலவில் இறங்கிய பஸ் ஆல்ட்ரின். ஆம்ஸ்ட்ராங் அந்தப் படத்தை எடுத்தவர். ஆல்ட்ரினின் முகக்கண்ணாடியை உற்றுப் பார்த்தால் அதில் சின்னதாக ஒரு வெள்ளை உருவம் தெரியும். அவர்தான் ஆம்ஸ்ட்ராங்.

இப்படிப் பகிர்பவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு தளம் தவறான பெயரோடு போடுகிறது, அதைப் பார்த்து இன்னொன்று போடுகிறது. பத்து இடத்தில் ஒரே பெயரைப் பார்த்தால் யாரும் நம்பத்தான் செய்வார்கள். ஆனால் பத்துப் பேரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருந்தால், அங்கே இருப்பது பத்துச் சாட்சி இல்லை, ஒரே சாட்சிதான்.

விண்வெளி வரலாறு படிக்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எந்தத் தளம் நல்லது?" அதைவிடப் பயனுள்ள கேள்வி ஒன்று இருக்கிறது: "நான் இப்போது படிப்பது எந்த அடுக்கு?" இந்தக் கட்டுரை முழுவதும் அந்தக் கேள்வியைப் பற்றியதுதான்.

## மூன்று அடுக்குகள்

ஒரு கிரிக்கெட் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். மைதானத்தில் உட்கார்ந்திருக்கும் ஸ்கோரர் ஒவ்வொரு பந்தையும் அது வீசப்பட்டவுடன் தாளில் குறிக்கிறார். அந்தத் தாளையும் தான் பார்த்ததையும் சேர்த்து ஒரு நிருபர் மறுநாள் கட்டுரை எழுதுகிறார். இருபது வருடம் கழித்து ஒருவர், "கடைசி ஓவர்ல முப்பது ரன் வேணும், அடிச்சான் பாரு!" என்று கதை சொல்கிறார். சுவை அதிகம் கதையில்தான். ஆனால் முப்பதா பதினாறா என்று சண்டை வந்தால் ஸ்கோரர் தாளைத்தான் எடுக்க வேண்டும். அந்தத் தாளோ, கேப்டன் ஏன் அந்தப் பந்துவீச்சாளரைக் கூப்பிட்டார் என்று சொல்லாது. அதற்கு நிருபர் வேண்டும்.

விண்வெளி வரலாற்றிலும் இதே மூன்று அடுக்குகள் உண்டு.

அடியில் இருப்பது மூல ஆவணம். நிகழ்வு நடந்தபோதோ அதை ஒட்டியோ, அதில் பங்கெடுத்தவர்களே உண்டாக்கியது இது. விண்கலத்துக்கும் தரைக்கும் நடந்த உரையாடல் பதிவு, ஃபிலிம் சுருள், பொறியியல் அறிக்கை, கலத்திலிருந்து வந்த அளவீடுகள் எல்லாம் இதில் அடங்கும்.

அதற்கு மேலே ஆய்வுத் தொகுப்பு. மூல ஆவணங்களைப் படித்து, ஒப்பிட்டு, எது எங்கிருந்து வந்தது என்று குறிப்பிட்டு எழுதிய வரலாறும், ஏவப்பட்ட கலங்களின் பட்டியல்களும் இந்த அடுக்கு.

எல்லாவற்றுக்கும் மேலே மறுசொல்லல். காணொளிகள், ஆண்டு நிறைவுக் கட்டுரைகள், சமூக ஊடகப் பதிவுகள், செயற்கை நுண்ணறிவு தரும் பதில்கள். இந்த அடுக்கை நான் மட்டமாகச் சொல்லவில்லை. ஆர்வம் பிறப்பதே இங்கேதான். ஆனால் இங்கேயே நின்றுவிட்டால், ஆல்ட்ரினை ஆம்ஸ்ட்ராங் என்று சொல்லிக்கொண்டே இருப்போம்.

சுருக்கமாக: எந்தத் தகவலைப் பார்த்தாலும் அது எந்த அடுக்கு என்று கேளுங்கள். சந்தேகம் வந்தால் ஒரு படி கீழே இறங்குங்கள். எப்படி இறங்குவது என்று இனிப் பார்ப்போம்.

## ஒரு படமும் அதன் எண்ணும்

நிலவுக்கு மனிதர்களை அனுப்பிய அமெரிக்காவின் அப்பல்லோ திட்டத்தில் வீரர்கள் எடுத்த ஒவ்வொரு புகைப்படத்துக்கும் நாசா ஓர் எண் கொடுத்திருக்கிறது. மேலே சொன்ன படத்தின் எண் ஏஎஸ்11-40-5903. இதில் ஏஎஸ்11 என்பது அப்பல்லோ 11 பயணம். 40 என்பது ஃபிலிம் பெட்டியின் எண். அந்தக் காலத்து ஹாசல்பிளாட் கேமராவில் ஃபிலிமைப் பெட்டியோடு கழற்றி மாட்டலாம். 5903 என்பது அந்தக் குறிப்பிட்ட படம். இப்படி ஒரு படத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் 'யார், எப்போது, எதில்' என்ற விவரங்களுக்கு மெட்டாடேட்டா என்று பெயர். மறுசொல்லலில் முதலில் உதிர்ந்து போவது இதுதான்.

எண் கையில் கிடைத்தால் வேலை சுலபம். 'புராஜெக்ட் அப்பல்லோ ஆர்க்கைவ்' என்ற தன்னார்வத் தொகுப்பு 2015இல் 8,000க்கும் மேற்பட்ட அப்பல்லோ படங்களைப் படப் பகிர்வுத் தளமான ஃப்ளிக்கரில் போட்டது. சுருள் சுருளாக, எடுத்த வரிசையில், நன்றாக வந்தது, மங்கலாக வந்தது என்று பிரிக்காமல் எல்லாமே இருக்கின்றன. 5903க்கு முந்தைய படங்களையும் பிந்தைய படங்களையும் வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனால் ஒரு விஷயம் புரியும். நிலவில் நடந்த நேரத்தில் கேமரா பெரும்பாலும் ஆம்ஸ்ட்ராங்கிடம்தான் இருந்தது. அதனால் அந்தச் சுருளில் ஆல்ட்ரின்தான் திரும்பத் திரும்ப வருகிறார். ஆம்ஸ்ட்ராங் ஒழுங்காகத் தெரிவது 5886ஆம் படத்தில். அதிலும் இறங்குகலத்தின் பக்கத்தில் முதுகு காட்டிக்கொண்டு வேலை செய்கிறார்.

இன்னொன்றும் தெரியும். 5903இன் மூலச் சுருளில் ஆல்ட்ரினின் தலைக்கு மேலே இடமே இல்லை. முதுகுப் பையிலிருந்து நீளும் ஆன்டெனா பாதியில் வெட்டுப்பட்டிருக்கிறது. நாம் எங்கும் பார்க்கும் படத்திலோ மேலே தாராளமாகக் கறுப்பு வானம். அது பிற்பாடு அச்சுக்காகச் சேர்த்தது. "பார்த்தீர்களா, படத்தைத் திருத்தியிருக்கிறார்கள்!" என்று இதைக் காட்டி வாதிடுபவர்கள் உண்டு. திருத்தியது உண்மை. திருத்தாத சுருளும் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி பொதுவெளியில் இருக்கிறது என்பதும் உண்மை. இரண்டாவதைச் சொல்லாமல் முதலாவதை மட்டும் சொல்வது நேர்மையில்லை.

## நொடி நொடியாக ஓர் இறக்கம்

அப்பல்லோ 11 நிலவில் இறங்கியது ஜூலை 20ஆ, 21ஆ? இரண்டு தேதியையும் பார்த்திருப்பீர்கள். உரையாடல் பதிவைத் திறந்தால் இந்தக் குழப்பம் தீரும்.

பதிவின் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் 102:45:40 என்பது போல ஒரு எண் இருக்கும். இது பயண நேரம், அதாவது ராக்கெட் கிளம்பிய நொடியிலிருந்து ஓடும் கடிகாரம். 102 மணி 45 நிமிடம் 40 நொடியில் ஆல்ட்ரின், கலம் தரையைத் தொட்டதைக் காட்டும் விளக்கு எரிகிறது என்று சொல்கிறார். ராக்கெட் கிளம்பியது 1969 ஜூலை 16, உலகப் பொது நேரப்படி பிற்பகல் 1:32. கூட்டிப் பாருங்கள்: ஜூலை 20, இரவு 8 மணி 17 நிமிடம் 40 நொடி. ஆம்ஸ்ட்ராங் காலை வைத்தது அதற்குச் சுமார் ஆறரை மணி நேரம் கழித்து. அப்போது பொது நேரப்படி ஜூலை 21 அதிகாலை 2:56 ஆகிவிட்டது. அமெரிக்காவில் இன்னும் 20ஆம் தேதி இரவு. ஆக, இறங்கியதா, காலடி வைத்ததா, எந்த ஊர்க் கடிகாரம் என்று சொல்லாமல் தேதியை மட்டும் சொன்னால் இரண்டு பேரும் சரியாகச் சொல்லிக்கொண்டே சண்டை போடலாம்.

இந்த உரையாடலை வெறும் தட்டச்சுப் பிரதியாகப் படித்தால் பாதி புரியாது. அதற்குத்தான் 'அப்பல்லோ லூனார் சர்ஃபேஸ் ஜர்னல்' இருக்கிறது. எரிக் ஜோன்ஸ் தொடங்கிய வேலை. நிலவில் நடந்தவர்களோடு உட்கார்ந்து, பழைய பதிவுகளைப் போட்டுக் காட்டி, "இங்கே என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று கேட்டு, அவர்கள் சொன்னதை அந்தந்த வரிக்குக் கீழேயே சேர்த்திருக்கிறார்கள். மூல ஆவணமும் விளக்கமும் ஒரே பக்கத்தில், ஆனால் எது எது என்று பிரித்துக் காட்டியபடி. ஒரு புதியவருக்கு ஒரே ஒரு தளத்தைத்தான் சொல்லலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

அதில் இறங்குமுகத்தின் அந்தச் சில நிமிடங்களைப் படித்துப் பாருங்கள். "கணினி கெட்டுப்போனது, ஆம்ஸ்ட்ராங் கையால் இறக்கினார்" என்று கதை சொல்வார்களே, அந்த இடம். 102 மணி 38ஆவது நிமிடத்தில் ஆம்ஸ்ட்ராங் ஓர் எச்சரிக்கை வந்ததாகச் சொல்கிறார். எண் 1202. அரை நிமிடம் போலத்தான் ஆகிறது, தரையிலிருந்து "தொடரலாம்" என்று பதில் வருகிறது. கணினி கெடவில்லை. பிற்பாடு தாய்க்கலத்தோடு இணைவதற்கான ரேடாரின் மின்சாரத்தில் இருந்த ஒரு பொருத்தமின்மையால், தேவையில்லாத சைகைகள் வந்து கணினியின் நேரத்தைத் தின்றன. வேலை குவிந்ததும் கணினி அவசரமில்லாத வேலைகளைக் கைவிட்டு, இறக்கத்துக்கு வேண்டியவற்றை மட்டும் மறுபடி தொடங்கியது. அப்படித்தான் அதை வடிவமைத்திருந்தார்கள். ஆம்ஸ்ட்ராங் கட்டுப்பாட்டைத் தன் கையில் எடுத்தது வேறு காரணத்துக்கு: கலம் பாறைகள் நிறைந்த ஒரு பள்ளத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

சரி, அரை நிமிடத்தில் தரையில் இருந்தவர்கள் எப்படி முடிவெடுத்தார்கள்? வீரர்களோடு பேசும் ஒலித்தடத்தில் அது கேட்காது. 'அப்பல்லோ இன் ரியல் டைம்' என்ற தளத்தைத் திறந்தால் கட்டுப்பாட்டு அறையின் உள்தடங்களையே கேட்கலாம். அப்பல்லோ 11க்கு மட்டும் சுமார் 11,000 மணி நேர ஒலிப்பதிவு அங்கே இருக்கிறது. ஒவ்வொரு மேசைக்கும் தனித்தடம். வழிகாட்டல் மேசையின் தடத்தில், ஸ்டீவ் பேல்ஸ் என்ற 26 வயது இளைஞரும் பின்னறையில் இருந்த ஜாக் கார்மனும் பேசிக்கொள்வது கேட்கும். எந்த எச்சரிக்கை வந்தால் என்ன செய்வது என்று கார்மன் முன்கூட்டியே ஒரு பட்டியல் எழுதி வைத்திருந்தார். நிலவுப் பயணம் என்றால் மூன்று வீரர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்த ஒருவர் இந்தத் தடங்களை ஒரு மணி நேரம் கேட்டால் போதும், அந்த எண்ணமே மாறிவிடும்.

இதுவரை பார்த்தது: படத்துக்கு எண், உரையாடலுக்குப் பயண நேரம். இந்த இரண்டு பிடிகளும் இருந்தால் மறுசொல்லலிலிருந்து மூல ஆவணம் வரை இறங்கிவிடலாம்.

## வானில் பார்த்தது ஸ்புட்னிக் இல்லை

ஏவப்பட்ட கலங்களுக்கும் இப்படி ஒரு பிடி உண்டு. சுற்றுப்பாதைக்குப் போகும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சர்வதேச அடையாள எண் தரப்படுகிறது: ஏவிய ஆண்டு, அந்த ஆண்டில் அது எத்தனையாவது ஏவல், அந்த ஏவலில் போன பொருள்களில் இது எது என்பதற்கு ஓர் எழுத்து. இந்தியாவின் முதல் செயற்கைக்கோள் ஆரியபட்டாவின் எண் 1975-033ஏ. அதாவது 1975இன் 33ஆவது ஏவல்.

இப்போது ஸ்புட்னிக் 1இன் எண்ணைப் பாருங்கள்: 1957-001பி. முதல் செயற்கைக்கோளுக்கு ஏன் 'பி'? 'ஏ' யாருக்குப் போனது? அதைத் தூக்கிச் சென்ற ராக்கெட்டின் நடுப்பகுதிக்கு. அதுவும் சுற்றுப்பாதையில்தான் இருந்தது. ஸ்புட்னிக் 58 செ.மீ. விட்டமுள்ள உருண்டை, எடை 83.6 கிலோ. ராக்கெட் பகுதியோ பல டன் எடையுள்ள பெரிய உருளை. 1957 அக்டோபரில் மக்கள் வெறுங்கண்ணால் பார்த்து வியந்த அந்த நகரும் புள்ளி பெரும்பாலும் இந்த உருளைதான். அவர்கள் வானொலியில் கேட்ட 'பீப்' ஒலி ஸ்புட்னிக்கினுடையது, கண்ணால் பார்த்தது வேறொன்று. ஓர் எழுத்தைக் கேள்வி கேட்டதில் இவ்வளவு கிடைக்கிறது.

இந்த எண்களைத் தேட நாசாவின் விண்வெளி அறிவியல் தரவுக் காப்பகம் ஒரு பட்டியலை வைத்திருக்கிறது. வானியற்பியலாளர் ஜோனதன் மெக்டோவல் தனியொருவராகத் தொகுத்துவரும் பட்டியல் இன்னும் விரிவானது, இலவசமானது. தோற்றம் பழைய பாணியில் இருக்கும். அதைப் பார்த்து மூடிவிடாதீர்கள்.

## மூல ஆவணமும் தவறு சொல்லும்

இந்த இடம்தான் பலருக்குச் சறுக்குகிறது. மூல ஆவணம் கிடைத்துவிட்டால் உண்மை கிடைத்துவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். அந்த ஆவணத்தை எழுதியவருக்கும் ஒரு நோக்கம் இருந்திருக்கும்.

1961 ஏப்ரல் 12 அன்று யூரி ககாரின் பூமியைச் சுற்றி வந்தார். அவர் கலத்துக்குள் இருந்தபடியே தரையிறங்கினார் என்று சோவியத் தரப்பு சாதனைப் பதிவுக்குத் தெரிவித்தது. உண்மையில் சுமார் 7 கி.மீ. உயரத்தில் இருக்கையோடு வெளியே எறியப்பட்டு, தனிப் பாராசூட்டில் இறங்கினார். அவர் போன வோஸ்டாக் கலத்தின் வடிவமைப்பே அப்படித்தான். ஆனால் விமானி தன் ஊர்தியோடு இறங்க வேண்டும் என்று அன்றைய சாதனை விதி இருந்தது. அதனால் பல ஆண்டுகள் இது மறைக்கப்பட்டது. அவர் விண்வெளிக்குப் போன முதல் மனிதர் என்பதில் இதனால் எந்த மாற்றமும் இல்லை.

மறைத்தது ஒரு தரப்பு மட்டுமில்லை. அமெரிக்கா 1959 முதல் 'டிஸ்கவரர்' என்ற பெயரில் ஏவிய கலங்கள் அறிவியல் ஆய்வுக்கு என்று அறிவிக்கப்பட்டன. அவை கொரோனா என்ற உளவுத் திட்டத்தின் போர்வை. 1995இல் ரகசியம் நீக்கப்பட்டபோது 8,00,000க்கும் மேற்பட்ட படங்கள் வெளியே வந்தன. அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் தளத்தில் இன்று அவற்றைத் தேடிப் பார்க்கலாம். 1960இன் செய்தித்தாளை மட்டும் படித்தவருக்கு இதில் எதுவும் தெரிந்திருக்காது.

அதனால் ஆவணத்திடம் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். இதை யாருக்காக எழுதினார்கள்? பிற்பாடு வெளியான எதாவது இதை மாற்றுகிறதா? சோவியத் தரப்பின் கதைக்கு இந்த இரண்டாவது கேள்வி மிக முக்கியம். அவர்களுடைய தலைமை வடிவமைப்பாளர் செர்கேய் கொரோலெவின் பெயரே 1966இல் அவர் இறந்த பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. நிலவுக்கு ஆள் அனுப்ப அவர்கள் கட்டிய என்1 ராக்கெட் 1969க்கும் 1972க்கும் இடையே நான்கு முறை ஏவப்பட்டு நான்கு முறையும் தோற்றது. அப்படி ஒரு முயற்சி நடந்ததே 1980களின் கடைசி வரை வெளிப்படையாகப் பேசப்படவில்லை. கொரோலெவின் துணைவர்களில் ஒருவரான போரிஸ் செர்டோக் எழுதிய நினைவுகளை நாசாவே நான்கு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டு இலவசமாக வைத்திருக்கிறது. போட்டி போட்டவரின் கதையைப் போட்டியாளரே பதிப்பித்திருக்கிறார். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த விஷயங்களில் இது ஒன்று.

நினைவுகளுக்கு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். வாய்மொழி வரலாறு, அதாவது பங்கேற்றவரைப் பேட்டி கண்டு பதிந்தது, நேரடிச் சாட்சிதான். ஆனால் பல பத்தாண்டுகள் கழித்துச் சொல்வது. நாசாவின் ஜான்சன் விண்வெளி மையம் பொறியாளர்கள் முதல் செயலாளர்கள் வரை நூற்றுக்கணக்கானவர்களிடம் எடுத்த பேட்டிகள் இணையத்தில் உள்ளன. மனநிலையும் அலுவலகச் சூழலும் தெரிய இவற்றைப் படியுங்கள். தேதிக்கும் எண்ணுக்கும் அன்றைய தாளைப் பாருங்கள்.

## "டேப் தொலைந்துவிட்டதாமே?"

நிலவுப் பயணமே பொய் என்பவர்கள் கடைசியில் வந்து நிற்கும் இடம் இது. நடந்தது என்னவென்றால், நிலவிலிருந்து வந்த தொலைக்காட்சிச் சைகை சாதாரணத் தொலைக்காட்சியில் ஓடாத ஒரு வடிவத்தில் இருந்தது. அதைத் தரை நிலையங்களில் மாற்றித்தான் ஒளிபரப்பினார்கள். மாற்றாத சைகை, கலத்தின் அளவீடுகளோடு சேர்த்து, பெரிய காந்த நாடாக்களில் பதிவானது. அந்த நாடாக்கள் பிற்காலத்தில் அழிக்கப்பட்டு வேறு வேலைக்குப் பயன்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என்று நாசாவே 2009இல் அறிவித்தது.

தொலைந்தது கூடுதல் தெளிவுள்ள ஒரு பிரதி. ஒளிபரப்பின் பதிவுகள் பிழைத்திருக்கின்றன. அவற்றை 2009இல் சீர்செய்தும் வெளியிட்டார்கள். ஃபிலிம் சுருள்கள், உரையாடல் பதிவுகள், 382 கிலோ நிலவுப் பாறைகள் எல்லாம் தனித்தனிச் சான்றுகள். அதோடு 2009 முதல் நிலவைச் சுற்றிவரும் நாசாவின் லூனார் ரிகனைசன்ஸ் ஆர்பிட்டர் கலம் இறங்குமிடங்களைப் படமெடுத்திருக்கிறது. வீரர்கள் நடந்த தடம்கூடத் தெரிகிறது. இந்தியாவின் சந்திரயான் 2இன் கேமராவும் அப்பல்லோ 11 இறங்குமிடத்தைப் பதிவு செய்திருக்கிறது. கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன 'பத்துப் பேர், ஒரே சாட்சி'க்கு நேர் எதிரான நிலைமை இது: ஒன்றையொன்று பார்த்து எழுதாத பல சாட்சிகள்.

## விபத்து அறிக்கைகளை விட்டுவிடாதீர்கள்

புதியவர்கள் இவற்றைப் பெரும்பாலும் தொடுவதில்லை. கடினமாக இருக்கும் என்று பயம். என் அனுபவத்தில் எல்லா ஆவணங்களிலும் தெளிவாக எழுதப்பட்டவை இவைதான், ஏனென்றால் பொறியாளர் அல்லாதவர்களுக்கும் புரிய வேண்டும் என்று எழுதியவை.

1970இன் அப்பல்லோ 13 விசாரணை அறிக்கையை எடுங்கள். ஆக்சிஜன் தொட்டிக்குள் சூடேற்றியை நிறுத்தும் சின்ன ஸ்விட்சுகள் 28 வோல்ட்டுக்கு ஏற்றவை. ஏவுதளத்திலோ 65 வோல்ட் கொடுத்தார்கள். மின்னழுத்தத் தேவை மாறியது. ஸ்விட்சை யாரும் மாற்றவில்லை. ஏவுவதற்கு முன் நடந்த ஒரு சோதனையில் அவை ஒட்டிக்கொண்டு திறக்காமல் போக, உள்ளே வெப்பம் ஏறி வயர்களின் மேலுறை கருகியது. பூமியிலிருந்து 3,00,000 கி.மீ.க்கு அப்பால் வெடித்தது அதுதான். நாசாவின் விண்வெளி ஓடங்களான சேலஞ்சரின் விபத்து பற்றிய 1986 அறிக்கை, கொலம்பியாவின் விபத்து பற்றிய 2003 அறிக்கை இரண்டும் இதேபோல முழுமையாகக் கிடைக்கின்றன. நாசாவின் தொழில்நுட்ப அறிக்கைகளுக்கான தேடுதளத்தில் இப்படிப்பட்டவை ஏராளம்.

## தேடும்போது

ஒரு நாட்டின் வரலாறு அந்த நாட்டின் காப்பகத்தில் மட்டும் இருக்காது. 1963 நவம்பர் 21 அன்று கேரளத்தின் தும்பாவிலிருந்து கிளம்பிய முதல் ராக்கெட் அமெரிக்காவின் நைக்கி-அப்பாச்சி. அதில் இருந்த சோடியம் ஆவிக் கருவி பிரான்சிலிருந்து வந்தது. அப்படியானால் மூன்று நாட்டுத் தளங்களில் தேட வேண்டும். ஐரோப்பிய விண்வெளி முகமையின் பழைய ஆவணங்கள் இத்தாலியின் ஃபுளோரன்சில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய வரலாற்றுக் காப்பகத்தில் உள்ளன. சந்திரயான் பயணங்களின் அறிவியல் தரவை இஸ்ரோவின் பிரதான் என்ற தளம் தருகிறது. பதிவு செய்துகொண்டால் போதும்.

விக்கிப்பீடியாவைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், ஆனால் கீழிருந்து மேலாக: முதலில் அடிக்குறிப்புகளைப் பாருங்கள், எந்த அறிக்கை, எந்தப் பட்டியல் என்று குறித்துக்கொள்ளுங்கள், பிறகு கட்டுரையைப் படியுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகப் படிக்க முயலாமல் ஒரே ஒரு பயணத்தை எடுத்து மூன்று அடுக்குகளிலும் பார்த்தால் வேகமாகப் பழக்கமாகும்.

ஒரு நடைமுறைத் தொல்லை: பழைய இணைப்புகள் அடிக்கடி செத்துக் கிடக்கும். நாசா தன் வரலாற்றுப் பக்கங்களை இடம் மாற்றியதில் ஆயிரக்கணக்கான மேற்கோள் இணைப்புகள் உடைந்தன. பக்கம் திறக்கவில்லை என்றால் அது நீக்கப்பட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். அந்த முகவரியை அப்படியே நகலெடுத்து, இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் ஒட்டி, ஒரு பழைய தேதியைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலும் அங்கே இருக்கும். அதிலும் இல்லையென்றால் ஆவணத்தின் தலைப்பையோ அறிக்கை எண்ணையோ மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். முகவரி மாறினாலும் எண் மாறாது.